தரகர் சாய்ந்த சுவர்கள்

வீட்டுத் தரகரின் முதுகு கோடையிலும் காயவில்லை. காலையில் துடைத்துவிட்டு உலர்ந்த சட்டை போட்டால், அவர் காப்பி குடித்து முடிப்பதற்குள் இடது தோள்பட்டைக்குக் கீழே ஒரு வட்டம் நனையும். பிறகு இடுப்புக்கு மேலே ஒன்று, விலாவோரம் ஒன்று. மதியத்துக்குள் வட்டங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு முதுகு முழுவதும் பரவிவிடும். வியர்வை என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் வியர்வை கரிக்கும். இது சுண்ணாம்பு வாசம் அடித்தது. வியர்வை மின்விசிறிக்கு அடங்கும், இது அடங்கவில்லை. கழற்றிப் போட்ட சட்டையில் வெள்ளையாக, பஞ்சு மாதிரி, ஊதினால் பறக்கிற ஒரு பொடி பூத்தது. வீடு கட்டுகிறவர்களுக்கு அந்தப் பொடியைத் தெரியும். செங்கல்லுக்குள் புகுந்த தண்ணீர் அங்கிருக்கும் உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வரும். தண்ணீர் காற்றோடு போய்விட, உப்பு மட்டும் சுவரின்மேல் தங்கிப் பூக்கும். சுவரில் பூக்க வேண்டியது தரகரின் முதுகில் ஏன் பூத்தது என்பதுதான் தெரியவில்லை. தோல் மருத்துவர் களிம்பு கொடுத்தார், பவுடர் கொடுத்தார், ரத்தம் எடுத்துப் பார்த்தார். கடைசியில், "உங்க முதுகுல ஒரு வியாதியும் இல்ல, தண்ணிதான் இருக்கு" என்று சொல்லி, இனி வர வேண்டாம் என்றும் சொன்னார். நாற்காலியின் உறை கெட்டுப்போனதில் அவருக்குக் கோபம்.

தரகர் குப்புறப் படுத்துத் தூங்கப் பழகினார். மல்லாந்து படுத்தால் மெத்தை ஊறி மறுநாள் கட்டிலின் பலகை உப்பிக்கொள்ளும். ஓதம் ஏறிய சுவரில் சாந்து உதிர்வது போல அவர் முதுகில் தோல் பொரிந்து உதிர ஆரம்பித்தது. மனைவி காலையில் படுக்கையை உதறிக் கூட்டி அள்ளுவாள். ஒருநாள் அள்ளியதை முறத்தோடு அவர் முகத்துக்கு நேரே நீட்டி, "கட்டிக்கும்போது ஆம்பளைன்னு நெனச்சுத்தான் கட்டிக்கிட்டேன். ஒழுகுற வீடுன்னு யாரும் சொல்லலியே" என்றாள். அதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் தொழிலே படுத்துவிட்டது. நல்ல வீடு ஒன்றைக் காட்டப் போய்ப் பழக்க தோஷத்தில் சுவரில் சாய்வார். நிமிர்ந்து நகர்ந்ததும் காய்ந்த சுவரில் ஓர் ஆள் அகலத்துக்கு ஈரம் தெரியும். வாங்க வந்தவர்கள் அதைப் பார்ப்பார்கள், ஒருவரையொருவர் பார்ப்பார்கள், யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டுவார்கள். அப்படி ஒரு குறையும் இல்லாத வீடுகள் வரிசையாகக் கைவிட்டுப் போயின. முதுகு காயாவிட்டால் வேறு பிழைப்புத் தேட வேண்டும் என்ற நிலை வந்தது. வேறு எதுவும் அவருக்குத் தெரியாது.

அவருக்குத் தெரிந்த வேலை எப்படிப்பட்டது என்பதைச் சொல்லிவிட வேண்டும். வீடு காட்டுகிற தரகர்கள் இரண்டு வகை. ஒரு வகையினர் நல்லதைக் கைநீட்டிக் காட்டுவார்கள்: இதோ ஜன்னல், இதோ பரண். இவர் மற்ற வகை. இவர் எதையும் காட்டுவதில்லை. குறை எங்கே இருக்கிறதோ அங்கே போய் நின்றுகொள்வார். முன்னதாகவே வந்து சுவர்களை விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, ஓதம் ஏறிய இடத்தைக் கண்டுபிடித்து, ஆட்கள் வரும் சத்தம் கேட்டதும் சரியாக அந்த இடத்தில் முதுகைச் சாய்த்து, ஒரு காலை மடித்துச் சுவரில் ஊன்றி, சாவகாசமாக நிற்பார். இது வேலை செய்வதற்குக் காரணங்கள் உண்டு. மனிதக் கண் வெற்றுச் சுவரையும் ஆளையும் சேர்த்துப் பார்த்தால் ஆளைத்தான் பார்க்கும். வீட்டைக் காட்டுகிற ஆளிடம் கொஞ்சம் நகருங்கள் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவர் நிம்மதியாகச் சாய்ந்திருக்கிற சுவர் பார்க்கிறவருக்கு உறுதியான சுவராகத் தோன்றும். விரிசல், கறை, குறுகலான வாசல் எல்லாவற்றையும் அவர் இப்படித் தன் உடம்பால் மூடினார். தோள் அகலமானவர் என்பதால் தொழில் நன்றாக நடந்தது.

சாவி கைமாறியதும் இரண்டாவது விதி. அந்தத் தெருவில் அவர் மறுபடி கால் வைக்க மாட்டார். மோட்டார் ஓடவில்லை, கதவு தாழ் விழவில்லை, பக்கத்து வீட்டுக்காரன் சுவருக்குச் சண்டைக்கு வருகிறான் என்று போன் வரும், எடுக்க மாட்டார். விற்கப்பட்ட வீடு வெட்டிய நகம் மாதிரி என்று சக தரகர்களிடம் சொல்வார். இதனால் வருடங்கள் போகப் போக அவருக்கு ஊர் சுருங்கியது. வீட்டிலிருந்து அலுவலகத்துக்குப் பொடிநடையாகப் போகிற தூரம்தான். ஆனால் நடுவில் விற்ற வீடுகள் இருந்ததால், ரயில் பாதையைத் தாண்டி, மரக்கடைகளைச் சுற்றி, ஆஸ்பத்திரியின் பின்வாசல் வழியாகப் புகுந்து, வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்வார். முதுகு நனைந்ததற்கு இந்த நடைதான் காரணம் என்றுகூடச் சில மாதம் நம்பினார்.

முடிச்சை அவிழ்த்தது மனைவி. சட்டை துவைக்கிறவள் அவள்தானே. இடது தோள்பட்டையின் கீழே விழுகிற வட்டம் மட்டும் மற்றவை போல நிறமில்லாமல் இல்லை; ஒருநாள் பச்சை, ஒருநாள் ஊதா, ஒருநாள் செங்கல் நிறம். சோப்புக்குப் போகவில்லை. கடைத்தெருவுக்குப் போகும் வழியில் சாயக்காரரின் மொட்டை மாடியில் துணிகள் காய்வதை அவள் தினமும் பார்ப்பாள். ஒரு நாள் ஊதாத் துணி காய்ந்தது. வீட்டுக்கு வந்தால் சட்டையில் ஊதா. மறுநாள் அங்கே மஞ்சள், இங்கே மஞ்சள். மூன்றாம் நாள் அவள் காய்கறிப் பையை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே வந்து, "சாயக்காரன் வீட்டை நீங்கதானே முடிச்சுக் குடுத்தீங்க? அங்க எந்தச் சுவத்துல சாஞ்சு நின்னீங்க?" என்று கேட்டாள். தரகர் யோசித்தார். கூடத்தின் வடக்குச் சுவர், மாடிப்படிக்குப் பக்கத்தில். அங்கே ஓதம் பெரிய தட்டு அளவுக்கு இருந்தது. இடது தோளால் மறைத்தார். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "அவன் மாடியில சாயத் தொட்டியைக் கழுவி விடுறான். அது அவன் வீட்டுச் சுவத்துக்குள்ள எறங்கி உங்க முதுகுல வருது. எனக்கு வாய்ச்சது அப்படி."

அதுதான் விஷயம். அவர் மறைத்து நின்ற சுவர்களெல்லாம் தங்கள் ஈரத்தை அவரிடம் தள்ளிவிட்டுக் காய்ந்திருந்தன. மழைக்காலத்தில் மாடிகளின் தண்ணீர் வந்தது. கோடையில் குளியலறைகளும் தொட்டிகளும் கசிந்தது வந்தது. அவர் எங்கே சாய்ந்தாரோ, உடம்பில் எந்தப் பாகம் பட்டதோ, அந்தப் பாகத்துக்கு அந்த வீடு. முதுகு ஒரு வரைபடம் மாதிரி ஆகியிருந்தது. காரணம் தெரிந்துவிட்டதால் வழியும் தெரிந்துவிட்டதாகத் தரகர் நினைத்தார்: ஒவ்வொரு வீட்டிலும் கசிவை அடைத்துவிட்டால் ஒவ்வொரு வட்டமாகக் காயும். ஒரு மூட்டை சிமெண்டும் ஒரு கொத்தனாரும் போதும். அவர் கணக்கில் எடுக்காதது, அந்த வீடுகளுக்குள் போவதற்குக் கதவைத் தட்ட வேண்டும் என்பது.

சாயக்காரரின் கதவைத் திறந்தது அவருடைய மாமியார். கம்பிக்கதவைத் திறக்காமல், கம்பிகளுக்கு நடுவே முகத்தை வைத்துப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி, "மாப்ள, ஓடி வாங்க. செத்துப் போயிட்டாருன்னு நெனச்சமே, அந்தப் புரோக்கரு வந்திருக்காரு" என்று கூவினார். சாயக்காரர் முழங்கை வரை நீலமாக வந்தார். குளியலறைத் தாழ்ப்பாள் வீடு வாங்கின வாரத்திலிருந்து சிக்குகிறது என்றும், அதற்காகப் போன் செய்து செய்து விரல் தேய்ந்துவிட்டது என்றும், மோட்டாரைக் கழற்றினால் உள்ளே எலிக்கூடு இருந்தது என்றும் மூச்சு விடாமல் சொன்னார். தரகர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, மாடித் தளத்தை அடைத்துத் தருவதாகச் சொன்னார். "எதுக்கு? எங்க வீட்டுல ஒரு சொட்டு ஒழுகலியே" என்றார் சாயக்காரர். அது உண்மை. வடக்குச் சுவர் காய்ந்து கலகலவென்று இருந்தது. வேறு வழியில்லாமல் தரகர் சட்டையைக் கழற்றித் திரும்பி நின்றார். மாமியார் கொஞ்ச நேரம் அந்த முதுகைப் பார்த்தார். பிறகு படியேறிப் போய், ஒரு செம்பு நிறையச் சிவப்புச் சாயத்தைத் தளத்தில் ஊற்றிவிட்டு, "வருதா?" என்று மேலேயிருந்து கேட்டார். சாயக்காரர் குனிந்து உன்னிப்பாகப் பார்த்து, "வருது அத்தை, வருது, ஜோரா வருது" என்றார். இருவரும் சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டது. அடைக்க விடவில்லை.

இந்தச் செய்தி ஊரைச் சுற்றி வர ஒரு வாரம் ஆனது. அதன்பிறகு, தரகரிடம் வீடு வாங்கியவர்களுக்கு அவரைக் கூப்பிட ஒரு வசதி கிடைத்தது. முன்பு போன் செய்தால் எடுக்காமல் இருக்கலாம். இப்போது மாடியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் அவரால் நனையாமல் இருக்க முடியாது. மோட்டார் ஓடவில்லையா, ஒரு குடம். பழைய உரிமையாளரின் பெயருக்கே இன்னும் மின்கட்டணச் சீட்டு வருகிறதா, ஒரு குடம். தரகர் எந்த இடம் நனைகிறது என்று பார்ப்பார், எந்த வீடு என்று தெரிந்துகொள்வார், வாசலில் போய் நிற்கும்வரை ஊற்றுவார்கள் என்பதால் ஓடுவார். போன இடத்திலெல்லாம் ஏச்சு. ஏணியைப் பிடிப்பார், மின்சார ஆளைக் கூட்டி வருவார், பக்கத்து வீட்டுக்காரரிடம் சுவர் யாருடையது என்று வாதாடுவார். ஒவ்வொரு வேலையும் முடிந்ததும், கசிவை அடைத்துவிடட்டுமா என்று கேட்பார். எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான் வந்தது, வார்த்தைகள்தான் வேறு. சாயக்காரரின் மாமியார் சொன்னது இது: "அடைச்சுட்டா உன் முகத்தை அப்புறம் கனவுலதான் பாக்கணும். போ தம்பி, போய் நனை."

அவர்கள் சொன்னதில் தப்பு இல்லை என்பது தரகருக்கும் தெரியும். முதுகு காய்ந்த அன்றே அவர் மறைந்துவிடுவார். ஆஸ்பத்திரிப் பின்வாசல் வழியாகப் போகத் தொடங்கிவிடுவார். அதை அவர் மனைவியிடம்கூட மறுக்கவில்லை.

இவர்களிலெல்லாம் மோசமானவர் பேருந்துக் கண்டக்டரம்மா. அவருக்கு வேலை எதுவும் ஆக வேண்டியிருக்கவில்லை. தினமும் முதல் வண்டிக்குக் கிளம்புமுன், சீருடை போட்டு, பையை மாட்டிக்கொண்ட பிறகு, மாடிக்குப் போய் ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக, சிந்தாமல், ஒரே இடத்தில் ஊற்றிவிட்டுப் போவார். மற்ற வீடுகள் வட்டமாக நனைத்தன. இது முதுகுத்தண்டின் மேல் பிடரியிலிருந்து இடுப்பு வரை ஒரு நேர்க்கோடாக இறங்கியது. ஏனென்றால் அந்த வீட்டில் தரகர் சுவரில் சாயவில்லை, பின்னறையின் வாசல்நிலையில் சாய்ந்து நின்றார். நிலைச் சட்டத்தின் விளிம்பு முதுகுத்தண்டில் பதிந்திருந்தது. அங்கே ஓதமும் கொஞ்சம் இருந்தது. ஆனால் அவர் மறைத்தது ஓதத்தை மட்டுமல்ல. அந்த வாசல் குறுகலானது. அகலமான ஆள் ஒருவர் அதில் கையைக் கட்டிக்கொண்டு நின்றால், நிற்பவரைத்தான் பார்ப்பார்கள், வாசல் எவ்வளவு என்று பார்க்க மாட்டார்கள்.

அவர் போனபோது கண்டக்டரம்மா கதவைத் திறக்கவில்லை. ஜன்னலைத் திறந்தார். "எதுக்கு வந்தே? நான் கூப்பிடலியே" என்றார். தினமும் ஊற்றுகிறீர்களே என்றார் தரகர். "ஊத்தினா கூப்பிடுறேன்னு அர்த்தமா? நீ வர வேணாம். நனையணும், அவ்வளவுதான்." பிறகு, டிக்கெட் கிழிக்கிற குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னார். அவருடைய அப்பாவுக்குக் கால் வராது. சக்கர நாற்காலி. வீட்டுக்கு வந்த அன்று நாற்காலி பின்னறை வாசலில் நுழையவில்லை. அப்பாவைத் தூக்கி உள்ளே படுக்க வைத்தார்கள். நாற்காலி கூடத்தில் நின்றது. நிலையைப் பெயர்த்து அகலப்படுத்தினால் மேல் சுவர் நிற்குமா என்று கட்டிய கொத்தனாரைத்தான் கேட்க வேண்டும். கொத்தனார் யார் என்று தரகருக்குத்தான் தெரியும். "டிப்போவுல இருந்து உனக்குப் போன் பண்ணேன், பஸ்ஸுக்குள்ள இருந்து பண்ணேன். ஒரு பேர்தான் கேட்டேன். எங்கப்பா அந்த ரூமை விட்டு வெளிய வந்தது ஒரே ஒரு தடவைதான். அன்னிக்கு நாற்காலி தேவைப்படல." தரகர், இப்போதே ஆளைக் கூட்டி வந்து வாசலை அகலப்படுத்தித் தருவதாகச் சொன்னார். "யாருக்கு?" என்று கேட்டுவிட்டு அவர் ஜன்னலைச் சாத்தினார். மறுநாள் வாளி நிரம்ப ஊற்றினார்.

இப்படியே போயிருந்தால் தரகர் ஒரு நாள் கரைந்தே போயிருப்பார். போகாததற்குக் காரணம் சாயக்காரர் வீட்டுத் தாழ்ப்பாள். அதைத் தரகர் ஏற்கெனவே வந்து எண்ணெய் விட்டுச் சரிசெய்திருந்தார். அவர் சரிசெய்த விதத்தில் அது வெளியிலிருந்து அருமையாகவும் உள்ளிருந்து முன்னைவிட மோசமாகவும் வேலை செய்தது. ஒருநாள் சாயக்காரர் சரக்கு எடுக்கப் போயிருந்தபோது மாமியார் குளிக்கப் போய் உள்ளே மாட்டிக்கொண்டார். தட்டினார், கூப்பிட்டார், யாருக்கும் கேட்கவில்லை. ஆனால் அவர் பதறவில்லை. குளியலறைச் சுவரும் வடக்குச் சுவரும் ஒன்றுதான் என்பது அவருக்குத் தெரியும். செம்பு செம்பாகத் தண்ணீரை மொண்டு சுவரில் வீசினார். தரகர் வருவார் என்று காத்திருந்தார். தொட்டி காலியாகும்வரை வீசினார். தரகர் வரவில்லை. இடது தோள்பட்டை நனைந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அன்று எல்லா வீட்டிலும் ஊற்றிக்கொண்டிருந்தார்கள், முதுகில் நனைவதற்குக் காய்ந்த இடமே இல்லை. அவர் அலுவலகத்தில் துண்டைப் பிழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் மருமகன் வந்து கதவை உடைத்தபோது மாமியார் தலைகீழாகக் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தார்; உதடு நீலம் பாரித்திருந்தது, சாயத்தால் அல்ல.

மறுநாள் காலை தரகரின் அலுவலகத்துக்கு முன்னால் வீடு வாங்கினவர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். தரகரை அடிக்கத்தான் வந்தார்கள். சாயக்காரர் அவர் சட்டைக் காலரைப் பிடித்தார், கை வழுக்கியது. "எங்க அத்தை செத்திருந்தா என்னய்யா பண்ணியிருப்பே?" என்று கத்தினார். தரகர் முதல் தடவையாகத் திருப்பிக் கத்தினார். "எல்லாரும் எந்நேரமும் ஊத்துறீங்க. யாருக்கு அவசரம், யாருக்கு வயித்தெரிச்சல்னு எனக்கு எப்படிய்யா தெரியும்? என் முதுகுல என்ன எழுத்தா வருது?" உடனே சண்டை திசை மாறியது. நேற்று யார் யார் ஊற்றினீர்கள் என்று சாயக்காரர் திரும்பிக் கேட்டார். ஒருவர், பல்பு ஒன்று மினுக்கியது என்றார். ஒருவர், சும்மா இருக்கிறாரா என்று பார்ப்பதற்காக ஊற்றினேன் என்றார். "உன் பல்புக்கு எங்க அத்தை சாகணுமா?" "உங்க அத்தை உயிரோடத்தானே இருக்காங்க?" "அதுல உனக்கு வருத்தமா?" மாமியார் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அலுவலகத்தின் ஒரே நல்ல நாற்காலியில் உட்கார்ந்து, வந்தவர்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித் திட்டினார்.

முதல் வண்டியைப் பாதியில் மாற்றிவிட்டு வந்திருந்த கண்டக்டரம்மா ஓரமாக நின்றிருந்தார். தரகர் சொன்ன நியாயம் அவருக்குப் பிடிக்கவில்லை. அதை மனத்துக்குள் இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தார். பிடிக்கவில்லை என்பதைத் தவிர வேறு குறை கிடைக்கவில்லை. கடைசியில் விசில் ஊதினார். எல்லோரும் நின்றார்கள். "இந்தாளு சொல்றது சரி. சொல்றது இந்தாளா இருக்கிறதுதான் எரிச்சல்" என்றார். "பஸ்ஸுல மணிக்கயிறு எதுக்கு? இறங்கணும்னா இழுக்க. எல்லாரும் அதைப் பிடிச்சுத் தொங்கிட்டே வந்தா டிரைவர் என்ன பண்ணுவார்? காதுல பஞ்சை வச்சுக்கிட்டு ஓட்டிட்டே இருப்பார். இறங்க வேண்டியவங்க இறங்க முடியாது. மணி எந்நேரமும் அடிச்சா அது மணி இல்ல."

"அப்ப அடைச்சுரச் சொல்றியா?" என்று மாமியார் கம்பளிக்குள்ளிருந்து சீறினார்.

"அடைக்கச் சொல்லல அத்தை. கயித்தை அறுத்துட்டா இவன் எங்கயும் நிக்க மாட்டான். மூடித் திறக்கிற மாதிரி வைக்கட்டும். பிடி நம்ம கையில இருக்கணும்."

அப்படித்தான் செய்தார்கள். செய்த விதம் இது. ஒவ்வொரு வீட்டிலும் கொத்தனார் முதலில் தளத்தைக் கொத்தி, தண்ணீர் சுவருக்குள் இறங்குகிற வாயைக் கண்டுபிடித்தார். கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. தரகர் சட்டையில்லாமல் கீழே உட்கார்ந்திருப்பார், மாடியில் இங்கேயும் அங்கேயும் ஒரு குவளை ஊற்றுவார்கள், எங்கே ஊற்றினால் முதுகில் சீக்கிரம் வருகிறதோ அதுதான் வாய். அந்த வாயில் விரல் தடிமன் குழாய் ஒன்றைச் செருகி, அதன் தலையில் சின்னதாக ஒரு திருகு குழாயும், திருகுக்கு மேலே தண்ணீர் நிற்க ஒரு கிண்ணமும் பொருத்தினார்கள். பிறகு சுற்றியுள்ள தளம், தொட்டி, குளியலறை எல்லாவற்றையும் பூசி அடைத்தார்கள். இனி அந்தச் சுவருக்குள் தண்ணீர் போக அந்தக் கிண்ணத்தைத் தவிர வேறு வழி கிடையாது. மூடியிருந்தால் ஒன்றும் இறங்காது. திறந்தால் தரகரின் முதுகில் அந்த வீட்டுக்குரிய இடம் மட்டும் நனையும். மற்ற இடமெல்லாம் காய்ந்திருப்பதால் பளிச்சென்று தெரியும். கண்டக்டரம்மாவின் வீட்டில் குழாய் வைக்கப் போனபோது, பின்னறை வாசலையும் கையோடு அகலப்படுத்திவிடலாம் என்று கொத்தனார் சொன்னார். "அதுல கை வச்சா கையை உடைப்பேன்" என்றார் அவர். வாசல் அப்படியே இருக்கிறது.

தொழில் மறுபடி எழுந்தது, கொஞ்சம் விசித்திரமாக. வீடு வாங்க வருகிறவர்கள் இப்போது தரகரைச் சுவரில் சாயச் சொல்கிறார்கள். அவரும், "இங்க ஓதம் இருக்கு, பாத்துக்குங்க" என்று கையால் தொட்டுக் காட்டிவிட்டு, சட்டையைத் தூக்கி, சுவரின் ஈரம் முதுகைப் பிடித்துக்கொள்ளும்வரை சாய்ந்து நிற்கிறார். குழாய் வைத்து, ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, முதுகில் வருகிறது என்று கண்ணால் கண்ட பிறகுதான் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். ஊரின் மற்ற தரகர்களும் சாய்ந்து பார்த்தார்கள். சிலருக்கு நனைந்தது. நனையாதவர்கள் வேறு ஊருக்குப் போனார்கள். சாயக்காரரின் மகன் தனிக்குடித்தனம் போனபோது இவரிடம்தான் வாங்கினான். பேரம் முழுவதும் அவரைத் திட்டிக்கொண்டே வாங்கினான். யாரும் அவரை மன்னிக்கவில்லை. நாற்காலி போட்டால் துணி விரித்துத்தான் போடுகிறார்கள். மனைவி, மெத்தைச் செலவு மிச்சம் என்று மட்டும் சொன்னாள்.

கண்டக்டரம்மா தினமும் முதல் வண்டிக்குக் கிளம்புமுன் குழாயைத் திறந்து ஒரே ஒரு சொட்டு விட்டு மூடுகிறார். அது பிடரியிலிருந்து முதுகுத்தண்டு வழியாக இறங்கி முடியும்வரை தரகர் வேறு வேலை பார்க்காமல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். அதற்கு அவர் போக வேண்டியதில்லை. இரண்டாவது சொட்டு விழுந்தால் போக வேண்டும். மற்ற வீடுகளுக்கு முதல் சொட்டுக்கே போக வேண்டும். கிண்ணத்தில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும், அதை நிரப்புவது வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய்க்குள் இருக்கும் ரப்பர் வளையம் வெயிலில் தேயும். அதை மாற்றுவது தரகர் பொறுப்பு. தேய்ந்த ரப்பர் கசிந்தால் நனைவது அவர் முதுகு என்பதால், யாரும் கூப்பிடாமலே, தேய்வதற்கு முன்பே, எல்லா வீட்டுக்கும் அவர் வந்துவிடுகிறார்.